நிரந்தர முகவரியில் விசாரித்தார்கள்

1

நேற்று விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வருஷத்துக்கு இந்த ஒரு நாள்தான் சுத்தியல் சத்தம் இருக்காது. ஷெட்டுக்குள்ளேயே பந்தல் போட்டு, வெல்டிங் மிஷினுக்கும் ஜாக்கிக்கும் கேந்திப்பூ மாலை சாத்தி, வந்தவர்களுக்கெல்லாம் கிச்சுடி கொடுப்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிகளில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த ஷெட்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். கல்யாணமாகி நான் இங்கே வந்து இறங்கியதும் ஒரு விஸ்வகர்மா பூஜை அன்றுதான். அதனால் இந்த நாள் வந்தால் ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமாச்சு என்று ஒரு நினைப்பு வரும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியூர்த் தமிழர்கள் எழுதினால் ஊர் ஏக்கத்தை எழுதுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நேற்று அங்கிருந்து ஒரு போன் வந்தது. அது யார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் என் பதில் உங்களுக்குப் புரியும்.

2

எங்களுக்கு ஒரே மகள், அபிராமி. இங்கே ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தூக்கத்தில் உளறினால் பெங்காலியில்தான் உளறுவாள். பெங்காலியில் அவன் அவள் என்று வினை மாறாது. அந்தப் பழக்கத்தில் அப்பாவையே "அப்பா வந்துச்சு, சாப்பிட்டுச்சு" என்பாள். திருத்தித் திருத்தி அலுத்து, நானும் சில நேரம் அப்படியே பேசிவிடுகிறேன்.

நர்சிங் படித்து நியூ டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். போகவர பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடும். அந்த அலைச்சலோடு படித்து, பரீட்சை எழுதி, மத்திய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சிங் ஆபீசராகத் தேர்வானாள். பழைய வேலையில் இருந்து விடுவித்த கடிதம் கொண்டு வா என்றார்கள். ராஜினாமா செய்தாள். அதற்குப் பிறகு, போலீஸ் சரிபார்ப்பு முடிந்தால்தான் சேர விடுவோம் என்றார்கள்.

அதற்கான படிவத்தில் இரண்டு முகவரி கேட்டிருந்தது. இப்போது இருக்கும் முகவரி ஒன்று, நிரந்தர முகவரி ஒன்று. நான் அப்போது மிஷினில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். கரியாஹாட் கடைகளுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில்.

"நிரந்தரம்னா ஊரு வீடுதான். இதுல என்ன யோசனை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவ அங்க சேர்ந்தாப்ல ஒரு வாரம் இருந்ததில்ல."

"அதுக்கு? குவார்ட்டர்ஸ் நிரந்தரமா? நான் ரிட்டையர் ஆனா சாவியக் குடுத்துட்டுப் போன்னுவான். அத எழுதச் சொல்றியா?"

எழுதினாள். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பமும் இதைத்தான் செய்கிறது. சேலத்துக்காரர் ஒருவர் ஊர் வீட்டை விற்றுப் பல வருஷமாகிறது, அந்தக் கதவு எண்ணில் இப்போது செல்போன் கடை நடக்கிறது. அவர் பிள்ளைகளின் பேப்பர்களில் இன்றைக்கும் நிரந்தர முகவரி அந்தச் செல்போன் கடைதான். கேட்டால், வேர் அங்கே இருக்கிறது என்பார். வேரைப் போய் போலீஸ்காரர் விசாரிக்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை.

3

இங்கத்திய விசாரணை முதலில் வந்தது. தானா என்றால் இங்கே போலீஸ் ஸ்டேஷன். அங்கிருந்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் பைக்கில் வந்தார். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முனையில் இருக்கிற நிமாயின் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். பிறகு எங்கள் கதவைத் தட்டி, உட்காராமலே கேட்டார்.

"அபிராமி என்று யாரும் இங்கே இல்லை என்கிறான் டீக்கடைக்காரன்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பெங்காலிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுப் பெயர் ஒன்று வைப்பார்கள். என் மகளுக்கு இந்தத் தெரு வைத்த பெயர் மாம்பி. அபிராமி என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. பால்கனியில் நின்று, மாம்பியைத்தான் கேட்கிறார் என்று நிமாயைக் கூப்பிட்டேன். கையில் கெட்டிலோடு ஓடி வந்தான்.

"மாம்பியையா கேட்டீர்கள்? மாம்பி என்று கேட்க வேண்டியதுதானே ஸார்? நான் ஏதோ சினிமா நடிகையைத் தேடுகிறீர்கள் என்று நினைத்தேன்."

"எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"என் கடை பெஞ்சில் ஏறி நடை பழகிய பிள்ளை."

"கேஸ், தகராறு ஏதாவது?"

"தகராறு இருக்கு ஸார். என் பிரஷரைப் பார்த்துவிட்டு, டீயில் எனக்கே சர்க்கரை போடக் கூடாது என்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். டீயும் குடித்தார். போகும்போது, "இங்கே சரி. ஆனால் நீங்கள் வெளி ஆட்கள், அங்கேயும் கேட்டுத்தான் முடிப்பார்கள்" என்றார்.

"நாங்கள் எப்படி வெளி ஆட்கள்? பிள்ளை பிறந்ததே இங்கேதான்" என்றேன்.

"நான் சொல்லவில்லை பௌதி. நிரந்தரம் அங்கே என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?"

பௌதி என்றால் அண்ணி. அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே வெளி ஆள் என்று சொல்லும் வித்தை இந்த ஊருக்கு உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் வேலையைத் தடுத்தது இந்த ஊர் இல்லை.

4

அவளோடு தேர்வான பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வேலையில் சேர்ந்தார்கள். சீருடையில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இவள் வீட்டில் உட்கார்ந்து எனக்கு ஊக்கு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நியூ டவுன் ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அரசு வேலை உத்தரவுக்கும் ஒரு கெடு உண்டு. அது தாண்டினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் மத்திய அரசு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்து வரச்சொன்னார்கள். நானும் கூடப் போனேன். அங்கே பெரிய குமாஸ்தாவை பொரோபாபு என்பார்கள். அவர் தமிழ்நாட்டில் இருந்து வந்த அறிக்கையை எங்களுக்குப் படித்துச் சொன்னார். குறிப்பிட்ட முகவரியில் விசாரித்ததில் அப்படி யாரும் இல்லை. அந்தப் பெயரில் வழக்கு எதுவும் இல்லை. நடத்தை குறித்து உறுதி செய்ய இயலவில்லை.

"வழக்கு இல்லை என்று அதிலேயே இருக்கிறதே? அப்புறம் என்ன?" என்றேன்.

"இல்லாத ஆள் மேல் வழக்கு எப்படி இருக்கும் பௌதி?"

"அப்படியானால் அந்த முகவரியை எடுத்துவிட்டு இங்கத்திய முகவரியையே நிரந்தரம் என்று எழுதித் தருகிறோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி எழுதிக் கொடுத்தால், முதலில் கொடுத்தது பொய்த் தகவல் என்று ஆகும். பொய்த் தகவல் கொடுத்தவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது விதி. இன்னொரு முறை அங்கே விசாரிக்கச் சொல்லி எழுதுகிறேன். அதற்குள் அங்கே இருக்கிறவர்களை ஆமாம் என்று சொல்ல வையுங்கள். என்னால் முடிந்தது அதுதான்."

அந்த முகவரி எங்களுடையது என்றால் அங்கே ஆள் இல்லை. எங்களுடையது இல்லை என்றால் பிள்ளை பொய் சொன்னவள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அபிராமி கேட்டாள்: "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

 இங்கே எங்கள் தெருவில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய்வந்த ஒருத்தன் இருக்கிறான். எந்த அடிதடி என்றாலும் அவன் பெயர் முதலில் வரும். அவன் ஒரு ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது அவனுக்கு நல்ல பிள்ளை என்று சீக்கிரமே எழுதி வந்துவிட்டது. ஏனென்றால் அவன் மாமன், பெரியப்பன், பங்காளி எல்லோரும் அதே தெருவில் இருக்கிறார்கள். போலீஸ்காரர் எந்தக் கதவைத் தட்டினாலும், ஆமாம் எங்கள் பிள்ளை என்று ஒரு குரல் வந்திருக்கிறது. இந்தச் சரிபார்ப்பெல்லாம் குற்றத்தைக் கண்டுபிடிக்க நடக்கிறது என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு வாசலில் நின்று உனக்காக ஆமாம் சொல்ல ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் பிள்ளைக்கு அந்த வாசலில் ஆள் இருந்தது. வாய்தான் வரவில்லை.

5

ஊர் வீட்டில் இருப்பது என் கொழுந்தன் செல்லத்துரை. என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. வீடு மாமனார் கட்டியது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டேன்.

"ஆமா மதினி, தனிப்பிரிவு ஏட்டு வந்தாரு. அபிராமின்னு யாரும் இருக்காகளான்னு கேட்டாரு. இல்லைன்னேன்."

"அபிராமி யாருன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும். ஆனா இந்த வீட்டுல இல்லைல்லா? போலீஸ் கேட்டா உண்மையத்தான சொல்லணும்?"

"எங்க அண்ணன் மக, கல்கத்தாவுல இருக்கான்னு சொன்னா அது பொய்யா?"

 ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சொல்லலாம் மதினி. ஆனா இந்த நம்பர்ல அவ பேரு சர்க்கார் பேப்பர்ல ஏறிட்டா, நாளைக்கு..."

"நாளைக்கு?"

"நீங்க நல்லவுக. அண்ணனும் வாயத் திறக்க மாட்டாக. வரப்போற மாப்பிள்ளை எப்படியோ? பங்குன்னு வாசல்ல வந்து நின்னா நான் எங்க போவேன்?"

"இப்ப என்ன செய்யணும்ங்கீக?"

"அண்ணன ஒருநடை வந்து, பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. அடுத்த தடவை ஏட்டு வந்தா நானே கூட்டி வச்சு எல்லாம் சொல்லுதேன். நம்ம பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

இவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தன் கல்யாணத்துக்கு முன்னால் ரயில்வே பரீட்சை எழுத வந்து எங்கள் ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் மழைக்காலம் முழுக்கத் தங்கியவர். அப்போது நான் நிறைமாதம். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் அடுப்படியில் படுத்தோம். பரீட்சை தேறவில்லை. ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் மனைவிக்குக் கரியாஹாட்டில் நெருக்கித் தள்ளி வாங்கிய தாந்த் பருத்திச் சேலை, அதற்கு நானே தைத்த பிளவுஸ் என்று கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பார். பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் தூக்கியிருக்கிறார்.

6

அபிராமி ஒரே பிடியாக நின்றாள். "வேண்டாம்பா. கையெழுத்துப் போடாதே. நான் திரும்ப நியூ டவுன்லயே கேக்கறேன். சித்தப்பாக்கு வீடு வேணும்னா நேரா கேட்டிருக்கலாம்ல? ஏன் என்னை இல்லைன்னு சொல்லுச்சு?"

சொல்லுச்சு இல்லை, சொன்னார் என்று எப்போதும் திருத்துகிற நான் அன்று திருத்தவில்லை. அந்த ஆளுக்கு அஃறிணை போதும்.

நான் வேறு மாதிரி கத்தினேன். வக்கீலைப் பார்ப்போம், ஸ்டேஷனுக்கு நேரில் போவோம், பிறந்த சர்டிபிகேட்டையும் கல்யாண போட்டோவையும் ஏட்டு மேஜையில் கொட்டுவோம் என்றேன். என் வீட்டுக்காரர் ஷெட்டில் இருந்து வந்த அழுக்கு உடுப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "கேஸ் போட்டு ஜெயிக்கதுக்குள்ள வேலை போயிரும்ளா. எனக்கு வீடு வேண்டாம். பிள்ளை வேலைக்குப் போகட்டும்" என்றார்.

பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். ரிட்டையர் ஆனால் ஊரில் போய் உட்காரலாம் என்று நினைத்திருந்த மனிதர், அந்த இடத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். தம்பி பத்திர ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தான் என்றார். குடித்தீர்களா என்றேன். குடித்தேன் என்றார். இன்றைக்கும் அந்த இளநீரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் அறிக்கை வந்தது. பொரோபாபு மகிழ்ச்சியோடு படித்துக் காட்டினார். மேற்படி வீடு விண்ணப்பதாரரின் பூர்வீக வீடு. சித்தப்பா செல்லத்துரை அவரைப் பிறந்தது முதல் நன்கு அறிவார். தன் கையில் தூக்கி வளர்த்த பிள்ளை என்று வாக்குமூலம் கொடுத்துள்ளார். நன்னடத்தை உள்ளவர்.

தூக்கி வளர்த்தாராம். அவர் என் மகளைக் கண்ணால் பார்த்ததே விரல் விட்டு எண்ணுகிற தடவைதான். அந்த வீட்டில் எங்களுக்குப் பங்கு இருந்தபோது என் மகள் அங்கே இல்லவே இல்லை. பங்கு போன பிறகு அவள் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். இரண்டு அறிக்கையிலும் அரசு முத்திரை இருக்கிறது. ஏட்டைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் சொன்னதை எழுதினார், இரண்டு தடவையும்.

7

கெடு தாண்டுவதற்குள் சேர்ந்துவிட்டாள். தேர்வுப் பட்டியலில் அவளுக்குக் கீழே இருந்தவர்கள்கூட முன்னால் சேர்ந்துவிட்டதால் வார்டு பிரிக்கும்போது அவர்கள் கேட்டதுபோக மிச்சம்தான் இவளுக்கு. அது போகட்டும். சேர்ந்த அன்றைக்குப் பணிப்பதிவேட்டில் மறுபடியும் நிரந்தர முகவரி கேட்டார்கள். சாந்த்ராகாச்சி என்று எழுதப் போனாள். போலீஸ் அறிக்கையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஆகவே எங்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லாத அந்த வீடுதான் அவள் ஓய்வு பெறும் வரைக்கும் அவளுடைய நிரந்தர முகவரி.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை எங்கே வளர்ந்ததோ அதை எழுதுங்கள். குவார்ட்டர்ஸோ வாடகை வீடோ, உங்களைத் தெரிந்த டீக்கடை எந்தத் தெருவில் இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் வாசலில் ஏட்டு வந்து எங்கள் பிள்ளைகள் பெயரைக் கேட்டால், வீட்டைக் கேட்க வந்ததாக நினைத்துப் பதறாதீர்கள். இங்கே என் மகளின் பெயர்கூடத் தெரியாத ஒருத்தன், தெரிந்ததும் கெட்டிலோடு ஓடி வந்தான். அங்கே பெயர் தெரிந்தவர் இல்லை என்றார்.

இனி நேற்று வந்த போன்.

மத்தியானம். பூஜை ஆர்டர் பிளவுஸ்கள் கட்டில் முழுக்கக் குவிந்து கிடந்தன. துர்கா பூஜைக்கு முன்னால் கரியாஹாட் கடைக்காரர்கள் உயிரை எடுப்பார்கள். அபிராமி டியூட்டி முடிந்து வந்து, அப்பா ஷெட்டில் இருந்து கொண்டுவந்த கிச்சுடியைத் தொன்னையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்லத்துரை பேசினார். கையெழுத்துக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறார்.

"மதினி, நல்லா இருக்கீகளா? வீட்டுக்கு மாடி எடுத்துட்டோம். ஐப்பசியில பால் காய்ச்சுறோம், குடும்பத்தோட வரணும். பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். கீழ நம்ம அபிராமி பேரையும் போடுதேன், வேலையோட. மத்திய அரசுன்னு சேத்துப் போட்டா நமக்கு ஒரு கௌரவம்லா? நர்சுன்னு போடவா, நர்சிங் ஆபீசர்னு போடவா? பிள்ளைட்ட குடுங்க, நானே கேக்கேன். அபிராமி இருக்காளா?"

அவள் எனக்கு எதிரில்தான் இருந்தாள். வாயில் கிச்சுடியோடு, யாரும்மா என்று கண்ணால் கேட்டாள்.

"அப்படி யாரும் இங்க இல்லை" என்றேன்.

"மதினி, நான் செல்லத்துரை பேசுதேன்."

"தெரியுது. நல்லா விசாரிச்சுட்டுத்தான் சொல்லுதேன். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லை."

போனை வைத்துவிட்டு அடுத்த பிளவுஸை மிஷினில் கொடுத்தேன்.